பட்டியலில் இருக்கு, தேடினால் இல்லை: ஃபோன் செயலியில் தொலைந்த வேலையைக் கண்டுபிடிக்கும் வழி

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பெரியப்பா மகன் பந்தல், மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். ஊருக்கே அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடைகள், அதாவது எங்கள் பக்கத்து ஊர்ச்சாமித் திருவிழாக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பந்தக்கால் நடும் கால்நாட்டுக்கு ஒரு நாள் போக வேண்டும், சாமியை அழைக்கும் குடியழைப்புக்கு ஒரு நாள், கொடைக்கு ஒரு நாள். வில்லுப்பாட்டுக்குத் தனி மைக் வேண்டும். சாமக்கொடை நேரத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே ஓட வேண்டும். ஆர்டர் நோட்டு எழுதி வந்த நான், மூன்று வருஷமாக இதையெல்லாம் ஃபோனில் ஒரு வேலைப்பட்டியல் செயலியில் ஏற்றி வருகிறேன்.

போன ஆடியில் ஒரு நாள் அண்ணாச்சி கேட்டார்: "ஏல, பாபநாசத்துல அந்தச் செவ்வாய்க்கு எதும் எழுதியிருக்கியா?" நான் "பாபநாசம்" என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. "இல்ல அண்ணாச்சி" என்றேன். ஜெனரேட்டர் வீரவநல்லூர்க் கொடைக்குப் போய்விட்டது. குடியழைப்பு அன்றைக்கு மத்தியானம் பாபநாசத்திலிருந்து ஊர்க் கமிட்டிக்காரர் ஃபோன் போட்டார்: "வண்டி கிளம்பிட்டா?" அன்று ராத்திரி திருநெல்வேலியில் இன்னொருவரிடம் இரட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் இறக்கினோம். வேலை பட்டியலில் இருந்தது. "பாபநாசத்துக் கொடைக்கு ஜெனரேட்டர்" என்று நானே எழுதி வைத்திருந்தேன். தேடலுக்கு அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து, தேடல் எங்கெங்கே கைவிடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். கடை, தோட்டம், சமையல் ஒப்பந்தம் என்று எந்தத் தொழிலுக்குப் பட்டியல் வைத்திருப்பவருக்கும் இதே தொல்லை வரும். உங்களுக்கு வரும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அதற்கு முன்னால் ஒரு சோதனையை மட்டும் செய்துவிடுங்கள், ஐந்து நிமிடம்தான்.

முதலில் சோதனை

"சோதனை" என்று புதுப் பட்டியல் ஒன்று தொடங்குங்கள். அதில் ஒரே ஒரு வேலை, தலைப்பு "பாபநாசத்துக்கு பந்தக்கால்". குறிப்புப் பகுதியில் "அட்வான்ஸ் 2000" என்று எழுதுங்கள். துணை வேலையாக "சீரியல் செட்" சேருங்கள். பிறகு வேறொரு பட்டியலுக்குப் போய், அங்கிருந்து தேடுங்கள்.

"பாபநாச" என்று அடித்தால் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் செயலி முழுச்சொல்லை மட்டுமே பார்க்கிறது, அல்லது நீங்கள் நிற்கும் பட்டியலுக்குள் மட்டும் தேடுகிறது. அடுத்து "நாச". இது வராவிட்டால் சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கிறது என்று அர்த்தம். அடுத்து "பாபநாசத" என்று புள்ளி இல்லாத த போட்டுப் பாருங்கள். வந்தால் நல்லது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். "அட்வான்ஸ்", "சீரியல்" இரண்டும் வருகிறதா என்று பாருங்கள். வேலையை முடிந்ததாக டிக் அடித்துவிட்டு மறுபடி "பாபநாச" தேடுங்கள். கடைசியாக ஃபிளைட் மோடு போட்டு ஒருமுறை தேடுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி சொல்வதெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிறது, தேடலில் வரவில்லை

பத்துக்கு எட்டு தடவை இதுதான். காரணம் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் தனிச்சொல் வரும், பெயர் மாறாது. நம் மொழியில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டும்போது பெயரின் வாலையும் மாற்றிவிடுகிறது. பாபநாசம் பாபநாசத்துக்கு ஆகிறது. களக்காடு களக்காட்டில் ஆகிறது. ஆறு ஆற்றில், வீடு வீட்டுக்கு. நமக்கு அது ஒரே ஊர், ஒரே ஆறு. செயலிக்கு எழுத்து வரிசை வேறு, ஆகவே வேறு சொல். தமிழ் இலக்கணம் தெரிந்த தேடல் வேலைப்பட்டியல் செயலிகளில் நான் பார்த்ததில்லை.

தேடும்போது செய்ய வேண்டியது, சொல்லின் அசையாத பகுதியை மட்டும் அடிப்பது. "ம்" என்று முடியும் சொல்லில் அந்த "ம்"மை விட்டுவிடுங்கள்: "பாபநாச", "அம்பாசமுத்திர", "விக்கிரமசிங்கபுர". மற்ற மெய்யெழுத்தில் முடியும் சொல்லில் கடைசிப் புள்ளியை விடுங்கள். "கடன்" என்று தேடினால் "கடனை", "கடனுக்கு" வராது. "கடன" என்று தேடினால் மூன்றும் வரும். "பந்த" என்று அடித்தால் பந்தல், பந்தலுக்கு, பந்தக்கால் எல்லாம் வரும். "டு", "று" என்று முடிந்தால் அந்த எழுத்தையே விடுங்கள்: "களக்கா".

புள்ளியை விடும் வித்தை எல்லாச் செயலியிலும் பலிக்காது. கணினியும் ஃபோனும் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "ன்" என்பது ன, புள்ளி என இரண்டு குறியீடுகள். சில செயலிகள் குறியீடு குறியீடாக ஒப்பிடும். அங்கே "கடன" என்பது "கடன்" என்பதன் முதல் பகுதியாகப் பொருந்தும். சில செயலிகள் "ன்" என்பதை உடைக்காமல் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அங்கே "ன" வேறு, "ன்" வேறு. சோதனையில் "பாபநாசத" என்று அடிக்கச் சொன்னது இதற்காகத்தான். அது வரவில்லையென்றால் இன்னும் ஒரு எழுத்தைக் குறைத்துத் தேடுங்கள்: "வீரவநல்லூர" வராத இடத்தில் "வீரவநல்லூ" வரும்.

ஊர்ப்பெயரையே நாம் பல மாதிரி எழுதுகிறோம். சேரன்மகாதேவி என்று பலகையில் இருக்கும், வாயில் சேர்மாதேவி. விக்கிரமசிங்கபுரத்தை வி.கே.புரம் என்றும், கல்லிடைக்குறிச்சியைக் கல்லிடை என்றும், பாளையங்கோட்டையைப் பாளை என்றும் அவசரத்தில் எழுதிவிடுவோம். சாமி பெயரும் அப்படித்தான்: சுடலைமாடன், சுடலை மாடசாமி, இசக்கியம்மன், இசக்கி அம்மன். எல்லா வடிவத்துக்கும் பொதுவான துண்டைப் பிடியுங்கள். சோதனையில் "நாச" வந்த செயலியில் "தேவி" என்று தேடினால் சேரன்மகாதேவியும் சேர்மாதேவியும் சேர்ந்து வரும். "சுடலை", "இசக்கி" போதும். குறியீடு குறியீடாக ஒப்பிடும் செயலியில் "ஜென" என்று மூன்று தட்டு தட்டினால் ஜெனரேட்டர், ஜெனெரேட்டர், ஜென்செட் மூன்றும் வந்துவிடும்.

இதெல்லாம் பழைய வேலைகளைத் தேட. புது வேலை எழுதும்போது நான் பிடித்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. தலைப்பில் உருபு வேண்டாம். "பாபநாசத்துக் கொடைக்கு ஜெனரேட்டர் கொண்டு போகணும்" என்று எழுதுவதில்லை. "214 பாபநாசம் சுடலை கொடை ஆடி ஜெனரேட்டர்" என்று பெயர்களை மட்டும் அடுக்குகிறேன். முதலில் உள்ள எண் ஆர்டர் நோட்டில் உள்ள எண். வாக்கியமாகச் சொல்ல வேண்டியதைக் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். படிக்கக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும். ஆனால் மறு வருஷம் யார் தேடினாலும் கிடைக்கும்.

அறிகுறி: எழுத்து மாறாமல் அப்படியே அடித்தும் வரவில்லை

பட்டியலில் உள்ள சொல்லை விரலால் அழுத்திக் காப்பி எடுத்து, தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஒட்டினால் வருகிறது, கையால் அடித்தால் வரவில்லை என்றால், இரண்டும் பார்வைக்குத்தான் ஒன்று. உள்ளே வேறு.

"கொடை" என்பதில் உள்ள "கொ"வை எடுத்துக்கொள்ளுங்கள். கவுக்குப் பின்னால் ஒகரக் குறி ஒன்றே ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் செயலி செய்ய வேண்டும், அதைச் செய்யாத செயலிகள் இருக்கின்றன. அண்ணாச்சி ஃபோனில் ஒரு கீபோர்டு, என் ஃபோனில் ஒன்று, கணினியில் இன்னொன்று என்று ஒரே பட்டியலில் எழுதும்போது இது நுழைந்துவிடும். தேடும்போது ஒ, ஓ, ஔ வரிசைக் குறி இல்லாத எழுத்துகளாகப் பார்த்துத் தேடுங்கள். "கொடை"க்குப் பதில் "டை" என்றோ, அந்தச் சாமி பெயரை வைத்தோ தேடலாம்.

"ஸ்ரீ" இதைவிடத் தொல்லை. பழைய முறையில் அது ஸ என்ற எழுத்திலிருந்து தொடங்கும். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதிலிருந்தும் தொடங்குகிறது. திரையில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், யூனிகோடு இவற்றைச் சமமாகவும் கொள்ளவில்லை. ஆகவே ஸ்ரீயை வைத்துத் தேடவே தேடாதீர்கள். "ஸ்ரீ முத்தாரம்மன்" வேண்டுமென்றால் "முத்தாரம்ம" போதும்.

கால் போட வேண்டிய இடத்தில் ர விழுந்திருக்கலாம், சில எழுத்துருவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "ஔ" எழுத வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து விழுந்திருக்கலாம். பேசி எழுதும் வசதியைப் பயன்படுத்தினால் "வீரவ நல்லூர்" என்று நடுவில் இடைவெளி வந்துவிடும். இந்த மூன்றுக்கும் ஒரே வழி, கண்ணில் படும்போதே திருத்திவிடுவது.

அச்சகத்தில் இருந்து வந்த கொடை நோட்டீஸை அப்படியே காப்பி எடுத்து ஒட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்ததாக இருந்தால், ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக மாற்றிய பிறகே பட்டியலில் சேருங்கள்.

அறிகுறி: "பில்" தேடினால் "பால்" வருகிறது

இது குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் மண்டை காய்ந்துவிடும். "பாய்" என்று தேடினால் "போய்" வருகிறது. பத்தமடையில் பாய் சொல்லி வைத்ததைத் தேடப் போய், "மின்வாரியம் போய் வரணும்" என்பது முன்னால் வந்து நிற்கும்.

ஃபோன் செயலிகள் பலவற்றின் உள்ளே எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதில் சொற்களைப் பிரித்து அட்டவணைப்படுத்தும் வசதி உண்டு. அதன் யூனிகோடு பிரிப்பான், தனியாக மாற்றி அமைக்காவிட்டால், எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் புள்ளி, கால், கொம்பு எல்லாம் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடுகிறது. பாய், போய் இரண்டிலும் மிஞ்சுவது ப, ய. அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்?

நம் பக்கத்தில் செய்யக்கூடியது, நீளமான சொல்லாகத் தேடுவது. "பாய்" வேண்டாம், "பத்தமடை பாய்" என்று தேடுங்கள். எண் எப்போதும் பிழைக்கும், ஆர்டர் எண்ணைத் தலைப்பில் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே செயலியை உருவாக்கியவர்களுக்குக் கட்டாயம் எழுதுங்கள். "தமிழ் தேடல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குப் புரியாது. "சொல் பிரிப்பானில் குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகச் சேருங்கள், பாய் என்று தேடினால் போய் வருகிறது" என்று படத்தோடு எழுதினால் திருத்த முடிந்த வேலை. இந்தி முதலாகக் குறி சேர்த்து எழுதும் மற்ற மொழிக்காரர்களுக்கும் அதனால் நன்மை.

அறிகுறி: போன வருஷத்து வேலை வரவில்லை

கொடைத் தொழிலுக்கு இதுதான் உயிர். "போன வருஷம் எங்களுக்கு எத்தனை டியூப் லைட் போட்டீக?" என்று கேட்பார்கள். அதைவிட ஒன்று குறைந்தாலும் அவர்களுக்கு மனம் ஒப்பாது, கேட்பதும் நியாயம்தான்.

பல செயலிகள் டிக் அடித்த வேலையைத் தேடலிலிருந்து மறைத்து வைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் டூ டூவில் தேடல் முடிவு வந்த பக்கத்தின் மெனுவில் முடிந்தவற்றைக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும். கூகுள் டாஸ்க்ஸில் முடிந்தவை அந்தந்தப் பட்டியலின் அடியில் மடங்கிக் கிடக்கும், அங்கே விரித்துப் பார்க்கலாம். கூகுள் கீப்பில் எழுதுகிறவர்களுக்குக் கவலை குறைவு. காப்பகத்துக்கு அனுப்பிய குறிப்பும் அதன் தேடலில் வரும்.

நான் இப்போது கொடை வேலைகளை டிக் அடிப்பதே இல்லை. "முடிந்த கொடை" என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். சாமான் எல்லாம் திரும்பி வந்து, பணம் வரவானதும் வேலையை அந்தப் பட்டியலுக்கு நகர்த்திவிடுகிறேன். செயலியைப் பொறுத்தவரை அது இன்னும் திறந்திருக்கும் வேலை, ஆகவே தேடலில் வரும். தேதியை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலம் கடந்த வேலை என்று தினமும் சிவப்பில் நிற்கும். எடுப்பதற்கு முன் எந்த வருஷம் என்பதைத் தலைப்பில் எழுதிவிடுங்கள். வருஷா வருஷம் தானாகத் திரும்பும் வேலையாக வைக்காதீர்கள். சில செயலிகளில் டிக் அடித்ததும் அதே வேலை அடுத்த தேதிக்குத் தாவிவிடும், போன வருஷத்துக் கணக்கின்மேலேயே இந்த வருஷத்துக் கணக்கை எழுதும்படி ஆகும்.

அறிகுறி: "செவ்வாய்" என்று தேடினால் செவ்வாய்க்கிழமை வேலை வரவில்லை

கெடு தேதி என்று நீங்கள் குறிப்பது செயலிக்குள் எழுத்தாக இருப்பதில்லை, தனியாக ஒரு தேதிக் கட்டத்தில் இருக்கிறது. சொல் தேடல் அந்தக் கட்டத்தைத் தொடாது. நாள் வாரியாகப் பார்க்க நாட்காட்டிப் பார்வைக்கோ, டோடோயிஸ்ட் போன்றவற்றில் தேதி வடிகட்டிக்கோ போக வேண்டும்.

ஆனால் நம் ஊரில் யாரும் ஆங்கிலத் தேதி சொல்லி ஆர்டர் கொடுப்பதில்லை. "சித்திரை கடைசிச் செவ்வாய்" என்பார்கள். அதைக் காலண்டர் பார்த்து ஆங்கிலத் தேதியாக்கிக் கட்டத்தில் போடுங்கள், அவர்கள் சொன்ன சொல்லையும் தலைப்பில் அப்படியே எழுதுங்கள். ஒன்று நினைவூட்டலுக்கு, ஒன்று தேடலுக்கு. பாபநாசத்து வேலை தொலைந்த அன்றைக்கு நாட்காட்டிப் பார்வையைத் திறந்திருந்தேன் என்றால் அந்தச் செவ்வாய்க்கு நேராக அது தெரிந்திருக்கும். நாள் காலியா என்ற கேள்விக்குத் தேடல் பெட்டியில் பதில் பார்க்கக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அறிகுறி: தலைப்பில் உள்ளது வருகிறது, உள்ளே எழுதியது வரவில்லை

சோதனையில் "அட்வான்ஸ்", "சீரியல்" வராதவர்களுக்கு. குறிப்பு, துணை வேலை, கருத்து, இணைத்த படம் ஆகியவற்றில் எதைத் தேடும், எதைத் தேடாது என்பது செயலிக்குச் செயலி மாறும். கட்டாயம் தேட வேண்டியதைத் தலைப்புக்கு ஏற்றுங்கள், வேறு வழி இல்லை. ரசீதைப் படமாக இணைப்பவர்கள் கூடவே தொகையையும் பெயரையும் எழுத்தில் அடித்துவிடுங்கள். கூகுள் கீப் படத்துக்குள் அச்சான எழுத்தைத் தேடும் திறன் உள்ளதுதான். ஆனால் கையால் கிறுக்கிய தமிழ்ச் சீட்டை அதை நம்பி விடாதீர்கள்.

அறிகுறி: கொட்டுகொட்டென்று வருகிறது

"கொடை" என்று தேடி நூறு வந்தால் அதுவும் கிடைக்காதது மாதிரிதான். இரண்டு சொல் சேர்த்துத் தேடிப் பாருங்கள். சில செயலிகள் இரண்டும் இருக்கும் வேலையைக் காட்டும், சில இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் காட்டும். தலைப்பில் சொற்களின் வரிசையை மாற்றாமல் வைத்திருந்தால் இரண்டிலும் பிழைக்கும்.

அடையாளச்சொல்லும் உதவும். மைக்ரோசாஃப்ட் டூ டூவில் தலைப்பிலேயே ஹேஷ் (#) குறி போட்டு எழுதலாம், டோடோயிஸ்டில் ஆட் (@) குறி போட்டு லேபிள். தமிழில் அடையாளச்சொல் எழுதியதும் சொல் முழுவதும் நிறம் மாறுகிறதா என்று கவனியுங்கள். புள்ளி வந்த இடத்தோடு நிறம் நின்றுவிட்டால் அந்தச் செயலி அங்கேயே வெட்டிவிட்டது. அப்போது புள்ளியும் கொம்பும் இல்லாத சின்னச் சொல்லாக வையுங்கள். வரவேண்டிய பாக்கி உள்ள வேலைகளுக்கு நான் "வரவு" என்று வைத்து, உகரக் குறியில் வெட்டுப்பட்டதால் "வர" என்று சுருக்கிக்கொண்டேன்.

அறிகுறி: தேடல் பெட்டியே இல்லை

இருக்கிறதா என்று பட்டியலை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள், சில செயலிகளில் அப்படித்தான் தெரியும். உண்மையிலேயே இல்லையென்றால் கணினியில் அதே கணக்கைப் பிரவுசரில் திறந்து கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தித் தேடலாம். மடங்கிக் கிடப்பதையும் இன்னும் இறங்காததையும் அது பார்க்காது, கடைசிவரை உருட்டிவிட்டுத் தேடுங்கள்.

அறிகுறி: ஊரில் வருகிறது, மலையில் வரவில்லை

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள் சாமான் எடுப்பார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம், சிக்னலை நம்ப முடியாது. சோதனையில் ஃபிளைட் மோடில் தேடல் வராதவர்களின் செயலி, சொல்லை எங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பித்தான் தேடுகிறது. அல்லது சமீபத்தில் திறந்த பட்டியலை மட்டும் ஃபோனில் வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கிளம்பும் முன் வீட்டிலேயே அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு வேலையின் குறிப்பையும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

அதோடு நான் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வண்டி ஓட்டும் சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டிய பிறகு அந்தப் படம் இறங்காது. அதனால் அவர் ஃபோனில் படம் தெளிவாகத் திறந்து, "எல்லாம் தெரியுதுடே" என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன்.